மருந்தெழுதுவோரும் உடனிருப்போரும்

நம் கல்லூரியின் உயர்தர உயிரியற் பிரிவிலே பயிலும் மாணவன் எவனையேனும் அழைத்து, "தம்பி, மேலே என்ன படிக்க எண்ணியிருக்கின்றாய்?" என வினவினால், வினா முடியுமுன் விடை வந்துவிடும். மருத்துவம் என்பான். அவ்விடை அவன் எண்ணிக் கண்டதோ, தொட்டிலிற் கிடந்த காலந்தொட்டு வீட்டார் அவன் செவியில் ஓதி வந்ததோ என்று எவரும் ஆராய்வதில்லை. யாழ்ப்பாணத்துத் தாய் தந்தையர்க்கு மகன் மருத்துவனாதல் குடும்பம் முழுவதற்கும் முடிசூட்டு விழாவை ஒக்கும். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், இசெட் புள்ளி சற்றுக் குறைந்த பிள்ளையின் வீட்டில் இழவு வீழ்ந்தாற்போன்ற அமைதி நிலவுவதை ஆசிரியராயுள்ளோர் ஆண்டுதோறும் காண்கின்றோம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதிப் பார்த்த பின்னரே 'வேறு ஏதேனும்' என்னுஞ் சொல் அவ்வீட்டில் ஒலிக்கத் தொடங்கும். தாதிமைத் தொழிலை நம்மவர் வைத்திருக்கும் இடம் அந்த 'வேறு ஏதேனும்' என்பதன் கீழேதான்.

இச்சூழலிலே, சில ஆண்டுகளாக மாணவர் சிலர் சற்று வேறுபட்ட வினாவொன்றை எம்மிடம் கொணர்கின்றனர். உளநோயுற்றோர்க்குப் பணி செய்ய விரும்புகின்றோம். அதற்கு உளமருத்துவ நிபுணராதல் நன்றோ, உளநலத் தாதியராதல் நன்றோ என்பதே அது. இதனைக் கேட்போர் 2009 இல் முடிவுற்ற போரின் இறுதியாண்டுகளிலோ அதன் பின்னரோ பிறந்தவர்கள். குண்டோசையை அவர்கள் நினைவிற் கொண்டிலர். ஆயின் அதனைக் கேட்டவர்களோடு ஒரு கூரையின் கீழ் வளர்ந்தவர்கள். நள்ளிரவிலெழுந்து முற்றத்தில் உலாவும் தந்தையையும், காணாமற்போன மகனுக்கென்று இன்றும் ஒரு பிடி சோறு எடுத்து வைக்கும் பேர்த்தியாரையும் கண்ட பிள்ளைகள் கேட்கும் வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. அதற்கு ஏனோதானோவென்று விடை கூறுதல் தகாது. ஆகலின், பழைய மாணவர் பலரும் படிக்கும் இவ்விழா மலரின் சில பக்கங்களை அவ்விடைக்கெனப் பயன்படுத்திக்கொள்கின்றோம்.

முதலில் நம்மவர் வழக்கொன்றை நினைவூட்டுதல் வேண்டும். குறும்பு செய்யும் பிள்ளையை "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்" என்று ஏசாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. கொழும்பையடுத்த அங்கொடையில் 1926 இல் மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதன் பின்னர் நெடுங்காலம் இத்தீவிலே உளநோய்க்குரிய இடமென்றால் அதுவும் அதன் அயலிலுள்ள முல்லேரியாவுமே என்றிருந்தது. வடக்கிலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு உறவினர் ரயிலேறுவர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து, அவன் மொழி அறியாதார் நிறைந்த விடுதியொன்றில் அவனை விட்டு மீள்வர். தேறித் திரும்பியோரும் உளர்; ஊரும் உறவும் தேடாமையால் அங்கேயே நரைத்து முதிர்ந்தோரும் உளர். அவ்விடத்துக்கு இன்று தேசிய மனநல நிறுவகம் என்று பெயர். நம்மூர்ப் பேச்சிலோ அங்கொடை என்பது ஊர்ப்பெயராக நில்லாது வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஒரு நோயின் பெயரை வசையாக வழங்கும் சமுதாயத்தில் அந்நோய்க்குப் பணி செய்ய வருவோன் அவ்வசையின் ஒரு பங்கைத் தானுஞ் சுமக்க வேண்டியிருக்கும் என்பதை இளைஞர் முன்னரே அறிந்திருத்தல் நன்று.

அந்நிலை மாறத்தொடங்கிவிட்டது. 2004 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005 இல் இலங்கை அரசு வகுத்த மனநலக் கொள்கை, பராமரிப்பைத் தலைநகரின் பெருவைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுசெல்ல வேண்டுமென விதித்தது. குடாநாட்டிலே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் உளநலப் பணி புரிகின்றன. போர் நடந்த காலத்திலேயே இங்கிருந்து பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், அப்போர் நம் மக்கள் உள்ளத்தில் விளைத்த காயங்களை ஆராய்ந்து 1998 இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் உலகெங்கும் பயிலப்படுகின்றது. சாந்திகம் போன்ற நிலையங்கள் உளவளத்துணை வழங்கி வந்துள்ளன. இவையெல்லாம் உண்மையே. எனினும், கொள்கையை ஏட்டில் எழுதிய மாத்திரத்தே ஆள் முளைத்துவிடுவதில்லை. இலங்கையில் இன்றும் ஓர் இலட்சம் மக்களுக்கு ஓர் உளமருத்துவ நிபுணர் என்ற கணக்குத்தானும் எட்டப்படவில்லை. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் மருத்துவ நிபுணர் பலர் நாடு நீங்கினமை இருந்த குறையை மேலும் பெருக்கியது. ஆதலால், இத்துறைக்கு வர விரும்பும் பிள்ளை எவ்வழியால் வரினும் நாம் இரு கை நீட்டி வரவேற்றல் வேண்டும். வரவேற்கின்றோமா?

உளமருத்துவ நிபுணராகும் வழி நெடியது. மருத்துவப் பட்டத்துக்கு 5 ஆண்டு. உள்ளகப் பயிற்சிக்கு 1 ஆண்டு. பின்னர் அரச சேவை. அதன்மேற் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சை. அதில் தேறியோர்க்குப் பல்லாண்டுப் பயிற்சியும் மேற்பட்டப் பரீட்சையும் வெளிநாட்டுப் பயிற்சியும். உயர்தரம் எழுதிய நாளிலிருந்து எண்ணினால், நிபுணரென்று பெயர்ப்பலகை எழுதுமுன் ஆண்டுகள் பத்தைக் கடந்து பதினைந்தை நெருங்கிவிடும். இதனிடையே பெற்றோர் முதுமையடைவர். தங்கையர்க்கு மணம் முடிக்கவேண்டி வரும். உடன்படித்தவன் கனடாவில் வீடு வாங்கிவிடுவான். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் பொறுமையும், வீட்டிற் சிறிதளவு வசதியும் உடையோனுக்கே இவ்வழி இயலும். அவ்வழி சென்றோன் பெறுவது யாது? நோய் இன்னதென்று துணிதலும், மருந்து இன்னதென்று விதித்தலும், ஒருவனை அவன் விருப்பமின்றியும் விடுதியில் வைத்தல் வேண்டுமா என்று தீர்மானித்தலும் ஆகிய பொறுப்பு. நீதிமன்றம் அழைத்தால் அங்கே சென்று சான்று கூறவேண்டியவனும் அவனே. துணிவோடு முடிவெடுத்து, அம்முடிவு பிழைத்தவிடத்து அதன் சுமையையும் தானே தாங்க வல்லவனுக்குரிய தொழில் அது.

தாதியின் வழி குறுகியது. உயர்தரத்தில் உரிய பிரிவிற் சித்தியடைந்தோர் அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியிலே 3 ஆண்டு, படிப்பணம் பெற்றுக்கொண்டே பயிலலாம். பல்கலைக்கழகங்களில், நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உட்பட, தாதியியற் பட்டப்படிப்பும் உண்டு. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிலே வேதனம் பெற்று வீட்டைத் தாங்கலாம். கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் இஃது எளிய செய்தியன்று. ஆயினும், வழி குறுகியதென்பதாற் பணியும் குறுகியதென்று கருதுவோர் உளநல விடுதியொன்றில் ஓரிரவு தங்கியறியாதோர்.

மருத்துவர் காலையில் விடுதியைச் சுற்றி வருவார். ஒரு நோயாளியோடு பத்து நிமிடம் பேசினாலே அது மிகுதி. எஞ்சிய இருபத்துநான்கு மணி நேரமும் அந்நோயாளியோடிருப்போர் தாதியரே. உண்ணாதிருந்தவன் இன்று இரண்டு இடியப்பம் உண்டான் என்பதையும், சுவரை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தவள் நேற்றிரவு பக்கத்துக் கட்டிலாளின் பெயரைக் கேட்டாள் என்பதையும் அவர்களே அறிவர். சில நோய்க்குக் குளோசபின் என்னும் மருந்து கொடுப்பர். பிற மருந்துகளுக்கு அடங்காத சிந்தைச்சிதைவைத் தணிக்கும் ஆற்றல் அதற்குண்டு. அரிதாக இரத்தத்தின் வெள்ளணுக்களை அழித்துவிடும் தீங்கும் அதற்குண்டு. ஆதலின் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தம் சோதிக்கப்படும். அம்மருந்து உண்போனுக்கு வரும் சிறு காய்ச்சலும் தொண்டை நோவும் வெறுந் தடிமனென்று விடத்தக்கவையல்ல என்று முதலில் உணர வேண்டியவர் அருகிலிருக்கும் தாதி. வேறு சில மருந்துகளை இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை ஊசிமூலம் ஏற்றுவர். குறித்த நாளில் ஒருவன் வாராதொழிந்தால், "ஏன் வரவில்லை?" என்று தேடிப் போவார் யார்? ஊசிக்கு வாராதவனே சில மாதங்கள் சென்றபின் கட்டிய கைகளோடு கொண்டுவரப்படுகின்றவன். அவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையும் படலையும் தாதி நடந்து சென்று தட்டவேண்டியவை.

மொழி பற்றிச் சில கூற விரும்புகின்றோம். தமிழாசிரியரிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்! "ஒரே யோசினையாக் கிடக்குது" என்று நம்மூர் மூதாட்டி ஒருத்தி சொன்னால், அவள் ஏதோ திட்டம் தீட்டுகின்றாள் என்று தமிழகத்தார் கொள்ளக்கூடும். நமக்கோ அது நெஞ்சை அரிக்கும் கவலை. "பெருமூச்சு வருகுது" என்பாள். நெஞ்சு நோயென்று கருதி இதயத்தைச் சோதிப்பவர் உண்டு. அது அவளுடைய துயரம் தன்னை வெளிப்படுத்தும் வாயில் என்பதை நம் உளமருத்துவர்களே எழுதி வைத்திருக்கின்றனர். 'விசர்' என்ற ஒரு சொல்லையே பாசத்தோடும் சொல்வோம், பகையோடும் சொல்வோம்; "விசர்ப் பிள்ளை" என்று தாய் சொல்வதும் அயலான் சொல்வதும் ஒன்றாகா. இவ்வேறுபாடுகளைக் கேட்டறியும் செவி இல்லாதவிடத்து, நோயைத் துணிதலும் பிழைக்கும், ஆற்றுதலும் பிழைக்கும். உடலின் எலும்பு முறிந்தால் ஊடுகதிர்ப் படம் காட்டிவிடும். உள்ளம் முறிந்தாற் சொல்லன்றி வேறு படம் ஏது? தமிழ் வகுப்பைப் புள்ளிக்கு உதவாதது என்று ஒதுக்கும் உயிரியற் பிரிவு மாணவர் இதனைச் சற்றே எண்ணிப்பார்ப்பாராக.

உலக வரலாற்றில் 1952 ஆம் ஆண்டு இவ்விரு தொழிலுக்கும் ஒருங்கே சிறப்புடைய ஆண்டு. பாரிசு நகரின் சென்ற் ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் என்னும் இரு மருத்துவர் குளோர்புரோமசீன் என்னும் மருந்து உளநோயாளரின் கொந்தளிப்பைத் தணித்தலைக் கண்டு வெளியிட்டது அவ்வாண்டிலேதான். விலங்கும் பூட்டும் தளர வழி பிறந்தது அதனால். அதே ஆண்டிலே அமெரிக்காவில் இல்டகாட் பெப்லோ என்னும் தாதி, தாதிக்கும் நோயாளிக்குமிடையே வளரும் உறவே சிகிச்சையின் ஒரு கூறென்று நிறுவி ஒரு நூல் வெளியிட்டார். 1954 இல் இறட்கர்சு பல்கலைக்கழகத்தில் உளநலத் தாதியர்க்கென உயர்பட்டக் கல்வியையும் தொடக்கினார். இங்கிலாந்தின் வார்லிங்கம் பார்க் வைத்தியசாலையிலிருந்து தாதியர் நோயாளரின் வீடுகளுக்குச் செல்லத் தொடங்கியதும் 1954 இலே. மருந்து மாத்திரம் கண்டுபிடிக்கப்பட்டு உடனிருப்போர் உருவாகாதிருந்தால், பூட்டுத் திறந்த கதவுகளுக்கு வெளியே நோயாளர் தெருவில் நின்றிருப்பர். சில நாடுகளில் நின்றுமிருக்கின்றனர்.

இவ்விடத்தே, கடல் கடந்துள்ள நம் பழைய மாணவர் கூறும் ஒரு செய்தியையும் ஆராய வேண்டியுள்ளது. "அமெரிக்காவிலே நேர்சு பிரக்டிசனர் என்றொரு வகை உண்டு, அவர்கள் தாமே நோயாளியைச் சோதித்து, நோயைத் துணிந்து, மருந்தும் எழுதுகின்றனர், மருத்துவக் கல்லூரிக்கு அலையாமல் அவ்வழியே போகலாமே" என்று விடுமுறையில் வரும் மாமன்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போகின்றனர். செய்தி உண்மையே. கொலராடோப் பல்கலைக்கழகத்தில் லொறெற்ரா போட் என்னும் தாதியும் என்றி சில்வர் என்னும் மருத்துவரும் 1965 இல் தொடக்கிய பயிற்சியிலிருந்து அவ்வகுப்பு வளர்ந்தது. உளநலத்துக்கென்றே தனித்தேர்ச்சி பெற்றோர் அவருள் உளர். அந்நாட்டு மாநிலங்களுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் மருத்துவரின் மேற்பார்வையின்றியே அவர்கள் தொழில் செய்யச் சட்டம் இடங்கொடுக்கின்றது. இங்கிலாந்திலும் உரிய பயிற்சி பெற்ற தாதியர் 2006 முதல் மிகப் பெரும்பாலான மருந்துகளைத் தாமே எழுத உரிமை பெற்றனர்.

ஆனால் மாமன்மார் சொல்லாமல் விடும் பாதி ஒன்றுண்டு. இலங்கையில் அத்தகைய தரம் இல்லை. இங்கே உளநலத் தாதியாகும் ஒருவர் எத்துணை அனுபவம் பெறினும் மருந்துச் சீட்டில் ஒப்பமிட இயலாது. ஆகவே, "மருந்தெழுதும் அதிகாரம் வேண்டும், ஆனால் மருத்துவப் படிப்பின் நெடுமை வேண்டா" என்று எண்ணித் தாதிமைக்குள் நுழையும் பிள்ளை, தன் ஊரிலேயே இருக்க விரும்பினால், ஏமாற்றத்தையே அடைவான். அவ்வேமாற்றத்தின் முடிவு பெரும்பாலும் கட்டுநாயக்கா விமான நிலையம். இதனை அப்பிள்ளைக்கு முன்னரே வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் ஆசிரியர் கடன்.

அங்ஙனமாயின், இங்கும் அத்தரத்தை உண்டாக்கலாகாதா? உண்டாக்குதல் வேண்டும் என்பது எம் துணிபு. நிபுணர் போதாமையை உணர்ந்த நம் சுகாதாரத் துறை, மருத்துவர்களுக்குச் சில மாதப் பயிற்சியளித்து உளநல வைத்திய அதிகாரிகள் என்றொரு வகுப்பை முன்னரே அமைத்தது. உளமருத்துவத்தில் டிப்புளோமாப் படிப்பும் ஏற்படுத்தப்பட்டது. நிபுணராகாதவர் உளநோய்க்கு மருந்தெழுதலாம் என்ற கொள்கை இங்கே புதியதன்று. பதினைந்து ஆண்டு உளநல விடுதியில் உழைத்த தாதிய உத்தியோகத்தர் ஒருவருக்கு ஈராண்டு உயர்பயிற்சி அளித்து, ஊசி மருந்தைத் தொடர்தல், அளவைச் சிறிது கூட்டுதல் குறைத்தல், பக்கவிளைவுக்கு மாற்றுக் கொடுத்தல் முதலிய வரையறுத்த செயல்களை நிபுணரின் மேற்பார்வையிற் செய்ய விடுதலால் என்ன கெடும்? நெடுந்தீவிலும் வன்னியின் உட்கிராமங்களிலும் உள்ளோர் ஒரு சீட்டைப் புதுப்பிக்கப் படகும் பேருந்தும் ஏறவேண்டியிராது.

எதிர்ப்பு எழும். மருத்துவத் தொழிலின் எல்லையைப் பிறர் மிதிக்கின்றனர் என்பர். தகுதி குறைந்த சிகிச்சையை ஏழைகளின் தலையில் கட்டுகின்றீர்கள் என்பாரும் உளர். இப்பின்னது மதிப்புடைய ஆட்சேபம். கிராமத்தவனுக்குத் தாதி, கொழும்பானுக்கு நிபுணர் என்று பிரிவினை நேருமாயின் அஃது அநீதியே. ஆயின் இன்று கிராமத்தவனுக்கு வாய்த்திருப்பது நிபுணரா? பெரும்பாலும் எவருமில்லை. எவருமில்லாத இடத்தில் என்ன நேருமென்பதை அறிய வேண்டுவோர் இராமநாதபுரத்து ஏர்வாடியை நினைக்கலாம். 2001 ஆகத்து 6 ஆம் நாள் விடியற்காலை அங்கே ஒரு கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் தப்ப இயலாது மாண்டனர். அவர்களை அங்கு கொண்டுவந்து விட்ட உறவினர் கொடியவரல்லர். போக வேறிடம் அறியாதவர்.

இங்ஙனங் கூறுவதாற் கோயிலையும் நேர்த்தியையும் நாம் இகழ்கின்றோமென எவரும் கொள்ளற்க. சந்நிதியிலோ நல்லூரிலோ நேர்த்தி வைத்து, நூல் கட்டி, பார்வை பார்த்து ஆறுதலடையும் தாயின் உள்ளத்துக்கு நாம் வணக்கமே செலுத்துவோம். திருநீறும் மாத்திரையும் ஒரு வீட்டில் ஒருங்கிருத்தற்குத் தடையொன்றில்லை. நல்ல உளநலத் தாதி ஒருவர், "கோயிலுக்கும் போங்கோ அம்மா, இந்தக் குளிசையையும் விடாமற் குடுங்கோ" என்று சொல்லத் தெரிந்தவர். அவ்வொரு வாக்கியத்தைச் சொல்லும் முறையைக் கற்பிக்க எந்தப் பாடநூலுங் காணோம்.

இனி, ஆண்பிள்ளைகள் தாதியராவது பற்றி. நம்முடையது ஆண்பிள்ளைகளின் கல்லூரி. ஆகவே இதனை மழுப்பாமற் பேசவேண்டும். தாதித்தொழில் பெண்களுக்குரியது என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பயிற்சிக்கு ஆண்களை எடுக்கும் தொகையும் மிகச் சிறிது. எனினும் உளநல விடுதிகளிற் பண்டுதொட்டே ஆண் தாதியர் தேவைப்பட்டு வந்துள்ளனர். கொந்தளிக்கும் இளைஞன் ஒருவனை அடியாமலும் வையாமலும் அணைத்துப் பிடித்து அமர்த்துதற்குத் தோள்வலியும் வேண்டும், அதனை அடக்கும் உளவலியும் வேண்டும். போரிலே அங்கமிழந்த ஆடவன், மதுவில் ஆழ்ந்த தந்தை, பரீட்சையில் தோற்ற மாணவன் ஆகியோர் தம் துயரைப் பெண்ணொருத்தி முன்னிலையில் அவிழ்க்க நாணுவர். அண்ணன் போன்ற ஒருவனிடம் கூறுவர். மணச்சந்தையிலே டொக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு விலையும் தாதிய உத்தியோகத்தருக்கு வேறொரு விலையும் பேசப்படுவது நாமறியாததன்று. சீதனத் தராசைக் கொண்டு தொழிலை நிறுக்கும் ஊரில் நோயாளிக்கு எப்படி ஆள் கிடைக்கும்?

இவ்வேற்றத்தாழ்வை நாம் வெளியிலிருந்து பார்த்துப் பேசவில்லை. பட்டதாரி ஆசிரியர் என்றும் பயிற்றப்பட்ட ஆசிரியர் என்றும் நம் பாடசாலைகளிலும் இரு வரிசை உண்டு. நாம் இரண்டாம் வரிசையினர். பட்டதாரியின் புலமையை மதிக்கின்றோம். ஆயினும் எழுத்துக் கூட்ட மாட்டாத பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுவிக்கும் கலை பயிற்சிக் கலாசாலையில் எமக்குக் கிடைத்தது. அது குறைந்த பட்டமொன்றன்று, வேறொரு தொழிற்றிறம். தாதியும் குறைந்த மருத்துவரல்லர்.

ஆகையால், எம்மிடம் வரும் மாணவனிடம் நாம் கேட்பது புள்ளியை அன்று. "விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளும் வரை உனக்கு உறக்கம் வாராதா? பிறர் உயிரைப் பற்றிய முடிவை நீயே எடுத்து, மறுநாளும் பணிக்குச் செல்ல உன்னால் இயலுமா?" என்று கேட்போம். ஆமென்றால், பதினைந்தாண்டாயினும் மருத்துவ வழியே செல்க என்போம். "ஒருவர் ஒன்றும் பேசாதிருக்கும்போது நீயும் பேசாது அவரருகே அரைமணி நேரம் அமர்ந்திருக்க உன்னால் இயலுமா? நேற்றுச் சொன்ன அதே கதையை இன்றும் முதன்முறை கேட்பதுபோற் கேட்பாயா?" என்றும் கேட்போம். அதற்கு முகம் மலர்ந்தால், மருத்துவத்துக்குப் புள்ளி போதியதாயினுங்கூடத் தாதிமையை எண்ணிப் பார்க்கச் சொல்லுவோம். பெற்றோர் எம்மை ஏசக்கூடும், ஏசட்டும். மருத்துவத்தில் இடங்கிடையாத ஏக்கத்தை மடியிற் கட்டிக்கொண்டு உளநல விடுதிக்குட் புகும் தாதியும், அறுவை மருத்துவத்தில் இடங்கிடையாமல் உளமருத்துவத்தை எடுத்துக்கொண்ட நிபுணரும் நோயாளிக்கு ஒரே வகைப் பாரமாவர்.

ஊரில் நிற்றல் பற்றியும் ஒரு சொல். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். ஆங்கிலத்திற் பயின்றோர் உத்தியோகந் தேடி ஊரைவிட்டு அகன்றுவிடுவர், தமிழிற் பயின்றோர் தம் கிராமத்திலேயே தங்கி மக்களுக்கு உதவுவர் என்பது அவர் கருத்துகளுள் ஒன்று. அவருடைய சமய நோக்கோடு சைவப் பாடசாலை வழிவந்த நாம் உடன்படுவதில்லை, இக்கருத்தோடு உடன்படுகின்றோம். இன்று உளநலத் தாதியர்க்குத் தமிழிலே விரிவான பாடநூல்கள் எத்தனை உள? கடல் கடந்த நம் மருத்துவரும் தாதியரும் ஆளுக்கோர் அதிகாரம் எழுதினால் ஓராண்டில் ஒரு நூல் ஆகிவிடும். மொழியைத் திருத்தித் தரும் வேலையை இங்குள்ள தமிழாசிரியர் ஊதியமின்றிச் செய்வோம்.

இறுதியாகப் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழாவையொட்டிப் புலமைப்பரிசில் நிதிகள் திரட்டப்படுவது நம் ஊர் வழக்கம். அத்தகைய நிதிகள் பெரும்பாலும் மருத்துவ பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் தெரிவானோர்க்கே செல்கின்றன. அவ்வாண்டுத் தெரிவுப் பட்டியலிற் தாதிமைப் பயிற்சிக்கும் தாதியியற் பட்டத்துக்கும் செல்லும் நம் மாணவருக்கென ஓரிடத்தையேனும் ஒதுக்குக. பரிசளிப்பு நாளன்று அவன் பெயரையும் அதே மேடையில், அதே மாலையோடு, மருத்துவ மாணவனின் பெயருக்கு அடுத்த வரியிலே வாசிக்குக. அவனுடைய தாயாரும் அன்று முன்வரிசையில் அமர்ந்திருப்பார்.